இருபத்திரண்டாம் நிமிடத்து இல்லை

குளிர்பதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி
பேருந்துச் சாவியை அதற்குள் வைக்கிறாள் ரோவீனா மெக்லஸ்கி.
விடிந்ததும் சாவியைத் தேடுவாள்;
பால் கெடுமுன் இணைப்பு நினைவுக்கு வரும்.
தண்டர் பே நகரில், ஏரி உறைந்த பிறகு,
அந்தப் பெட்டியின் முனகல் ஒன்றுதான் வீட்டில் பேச்சு.
அதையும் நிறுத்திவிட்டுத்தான்
தத்துவம் படிக்க வேண்டியிருக்கிறது.

கோட்டு அலமாரிக்குள் ஒரு முக்காலி.
முழங்காலில் மடிக்கணினி.
மைக்குக்குப் பழைய காலுறை மாட்டியிருக்கிறாள்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்;
இரவில், மனித விருப்பம் பற்றி
செத்து நூற்றைம்பது வருடமான ஒருவர் எழுதியதை
வாய்விட்டுப் படிக்கிறாள். சம்பளம் கிடையாது.
ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் சொல்ல வேண்டிய வரி:
இந்த ஒலிப்பதிவு எவருக்கும் சொந்தமில்லை.
அதை மட்டும் தடுமாறாமல் சொல்வாள்.

அந்த மனிதருக்கு முற்றுப்புள்ளி பகை.
எச்சத்தின் மேல் எச்சமாய் ஏற்றிக்கொண்டே போய்
ஒன்றரைப் பக்கம் தாண்டி
வினைமுற்றைக் கீழே இறக்குவார்.
அதற்குள் இவளுக்கு மூன்று முறை மூச்சு தீரும்.
பாதி புரியாது. புரிந்ததுபோல் நடிக்கவும் மாட்டாள்.
வளைவில் முன்சக்கரம் போய்விட்டால்
பின்சக்கரம் வந்துதானே ஆகவேண்டும் என்று
நம்பிப் படிப்பாள்.

பிப்ரவரியில், டனீடினிலிருந்து ஒரு குறிப்பு.
பிழை கேட்பவர் ராவிரி பேஜெட்,
கண் மருத்துவமனையொன்றின் இரவுக் காவலர்.
நாலாம் நிமிடம்: ரயில் ஊதுகிறது, இருக்கட்டும்.
பதினோராம் நிமிடம்: பக்கம் புரள்கிறது, அழகாகவே.
இருபத்திரண்டு நிமிடம், நாற்பத்தொரு நொடி:
ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.
நூலில், மனிதன் சுதந்திரமானவன் இல்லை.
நீங்கள் படித்ததில், சுதந்திரமானவன்.

நாலு மாதமாய் மனிதரை அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.
தனியாகச் சிரித்தாள்.
அவள் மொழியிலும் நம் மொழியிலும்
மூன்றே எழுத்து அந்தச் சொல்.
அன்றே பதிந்து, வெட்டி ஒட்டி, அனுப்பினாள்.

சொல் சரி, என்று பதில் வந்தது. அறைதான் வேறு.
குளியலறையில் விழுந்த கரண்டிபோல்
அது ஒன்று மட்டும் கணீரென்கிறது.
வீடு மாறினீர்களா?

வீடு மாறவில்லை.
அக்டோபரில் அந்த அலமாரியில் ஈரோ இருந்தான்,
அதாவது ஈரோவின் கோட்டுகள்:
எண்ணெய்க் கறை படிந்தது, செம்மறித்தோல்,
மான் வேட்டைக்கான ஆரஞ்சு நிறத்தது,
அவன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த கம்பளி.
டிசம்பரில் ஒரே அள்ளில் அள்ளி
வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு போனான்.
சத்தத்தை இதுவரை குடித்தது மரப்பலகை அல்ல என்பது
பூமியின் மறுகோடியில் ஒருவர்
காதால் கண்ட பிறகுதான் தெரிகிறது.

கொஞ்சம் காலியாகிவிட்டது, என்று மட்டும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை, பேருந்தின் பின்னால் கிடந்த பெட்டியை
வீட்டுக்குத் தூக்கிவந்தாள்.
பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன கோட்டுகள், பதினான்கு.
ஒன்றில் ஒற்றைக் கையுறை கயிற்றில் தொங்கியது.
ஒன்றின் பையில் கல்லாகிப்போன பிஸ்கட்.
ஒன்றின் கழுத்துப்பட்டையில்
'இது மூன்றாவது. தயவுசெய்து' என்று ஒரு தாயின் கையெழுத்து.
நெருக்கி மாட்டினாள். கை தட்டிப் பார்த்தாள்.
சத்தம் திரும்பி வரவில்லை.

ஞாயிறு இரவு, அந்தச் சொல்லை மட்டும் சொன்னாள்.
ஒருமுறை கோபமாக வந்தது.
ஒருமுறை கேள்வியாக வந்தது; அதை அழித்துவிட்டு
வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.
ஏழாவது முறை,
மழை பெய்கிறதா என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல்:
இல்லை.

டனீடினிலிருந்து இரண்டே சொல்:
தையல் தெரியவில்லை.

திங்கள் காலை கோட்டுகள் பெட்டிக்குத் திரும்பின.
ஒன்பதாம் இருக்கைப் பையன்
தன்னுடையதை இழுத்தெடுத்து முகர்ந்து பார்த்து,
எங்கே இருந்தது இது, என்றான்.
வேலைக்குப் போயிருந்தது, என்றாள்.

அன்று பேருந்து பன்னிரண்டு நிமிடம் தாமதம்.
சாவியை எல்லா இடத்திலும் தேடியிருக்கிறாள்,
கட்டிலுக்கடியில், பனிக்காலணிக்குள்,
அலமாரியில் ஒவ்வொரு குட்டிப் பையாகக் கைவிட்டு.

பால் திரிந்துபோயிருந்தது.